கயல் வரைந்த ஜீப்பு

இந்த வாரமும் என் பயத்தைப் பற்றித்தான். ஆனால் இந்த முறை சந்தோஷமாக எழுதுகிறேன்.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு என் பயங்கள் மனப்பாடமாகியிருக்கும். கேஸ் சிலிண்டர், பல்லி, மகள் மாடிப்படியில் ஓடுவது... அப்படிப்பட்டவளிடம், 'காணாமல் போகும் குழந்தைகள்' பற்றிப் பள்ளியில் போஸ்டர் போட்டி, நானும் பெயர் கொடுத்துவிட்டேன் என்று நான்காவது படிக்கும் என் மகள் கயல் வந்து சொன்னால்? வேறு தலைப்பே கிடைக்கவில்லையா இவர்களுக்கு? மரம் நடுவோம், மழைநீர் சேமிப்போம் – எவ்வளவு இருக்கிறது.

என் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன்னால் கயலே அரை நாள் காணாமல் போனாள். அதை எழுதும் தைரியம் இப்போதுதான் வந்திருக்கிறது.

நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. அவர்கள் வீடு போடிமெட்டைத் தாண்டி, ஏலக்காய்த் தோட்டத்துக்குள். சொந்தக்காரர்கள் போக இரண்டு ஜீப்பு பிடித்திருந்தோம். முன்னதில் நான், பின்னதில் என் கணவர். கயல் அவரோடு இருக்கிறாள் என்று நான். என்னோடு இருக்கிறாள் என்று அவர்.

அவள் இருந்ததோ மூன்றாவது ஜீப்பில். தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பு அது, ஸ்டாண்டில் எங்கள் பக்கத்திலேயே நின்றது. பிள்ளை தனியாக நிற்கிறதே என்று அதிலிருந்த ஒரு பெண், "ஏறிக்க ஆத்தா, எடம் கெடக்கு" என்று தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். முறுக்கும் கொடுத்தார்.

"யாரு கூட வந்த?"

"மாமா கூட."

கயல் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஊரில் டிரைவர் மாமா, மளிகைக்கடைக்காரர் மாமா, கரண்ட் பில் வாங்குகிறவரும் மாமா. அப்படிச் சொல்லிக்கொடுத்துத்தானே வளர்க்கிறோம்? முன்னால் உட்கார்ந்திருந்த மாமாக்களில் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை என்று பெண்கள் நினைத்தார்கள். பின்னால் இருந்த அத்தைகளில் யாரோ ஒருத்தியின் பிள்ளை என்று ஆண்கள் நினைத்தார்கள். கொண்டை ஊசி வளைவு முழுக்க மடி மாறி மாறித் தூங்கிக்கொண்டே போயிருக்கிறாள் மகாராணி.

தோட்டத்தில் எல்லோரும் இறங்கிப் போனபிறகு மிஞ்சியது கயலும் டிரைவர் பெருமாள் அண்ணனும். செல்போனில் சிக்னல் இல்லை. அழுகிற பிள்ளையை ஏற்றிக்கொண்டு மனிதர் போடிமெட்டுக்குத் திரும்பினார். எங்கள் இரண்டு ஜீப்பிலும் அவள் இல்லையென்று தெரிந்து, அங்கேதான் எங்கள் ஆட்கள் வெறிபிடித்துத் தேடிக்கொண்டு நின்றார்கள். தனியாக ஒரு ஆள், ஜீப்பில் அழுதுகொண்டு ஒரு பெண் குழந்தை... கேள்வி கேட்பதற்கு முன்பே அடி விழுந்துவிட்டது.

உண்மை தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டோம். ஊர் வாய் கேட்குமா? 'பிள்ளை பிடிக்கிற ஜீப்பு' என்று பெயர் வைத்தது வைத்ததுதான். அதன்பிறகு குழந்தையோடு யாரும் அவர் வண்டியில் ஏறுவதில்லை.

இனி போட்டி.

பள்ளி ஹாலில் சுவர் முழுக்க முகமூடி ஆசாமிகள், கறுப்பு வேன்கள், சாக்லேட் நீட்டும் ரோமக் கைகள். கயலின் போஸ்டரைத் தேடிப் பிடித்தேன். பச்சை ஜீப்பு. கண்ணாடிக்கு மேலே தொங்கும் மஞ்சள் குஞ்சம் உட்பட அச்சு அசல் பெருமாள் அண்ணன் வண்டி. ஸ்டியரிங் பிடித்த டிரைவர், சுற்றிலும் சிரித்த முகங்கள், ஒரு மடியில் முறுக்குத் தின்னும் சிறுமி. ஐயோ... அந்த மனிதர் பட்டது போதாதா?

நடுவராக வந்திருந்த பெண் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "இதுல பிள்ளை பிடிக்கிறவன் எங்கம்மா?"

"அப்படி யாரும் இல்ல மேடம். எல்லாரும் நல்லவங்க."

"பிறகு எப்படிக் காணாமப் போச்சு?"

"யாரும் ரெண்டாவது கேள்வி கேக்கல மேடம்."

அந்த இரண்டாவது கேள்வியை ஜீப்புக்குக் கீழே பெரிதாக எழுதியிருந்தாள்: 'எந்த மாமா?'

இன்ஸ்பெக்டர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மறுபடி ஒருமுறை படித்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் காக்கிச் சட்டை. பெருமாள் அண்ணன். தன் வண்டியை வரைந்து சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நான் என்னை அறியாமல் எழுந்து நின்றேன். அவர் யாரையும் பார்க்காமல் நேராக வந்து போஸ்டர் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"ஏன் ஆத்தா, எனக்கு இம்புட்டு முடி இருக்கு?"

"வழுக்கை வரைஞ்சேன் மாமா, நல்லா இல்ல. அதான் அழிச்சிட்டேன்."

முதலில் சிரித்தது இன்ஸ்பெக்டர்தான். பெருமாள் அண்ணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். "மேடம், இத கலர்ல எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. ஸ்டாண்டுல எல்லா வண்டிலயும் ஒட்டிப்புடுறோம். மொதல்ல என் வண்டில."

முதல் பரிசு ஒரு ரோமக் கைக்குப் போனது. கயலுக்கு ஆறுதல் பரிசு – ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ். எனக்கு வருத்தமா? அன்று நான் இருந்த குதூகலத்தில், பரிசு என்ன என்பதையே வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

மறுவாரமே ஜீப்பு ஸ்டாண்டில் வண்டிக்கு வண்டி 'எந்த மாமா?' கேள்வியை ஒட்டியதோடு விடவில்லை, கேட்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று நாத்தனார் வீட்டுக்குக் கயலோடு கிளம்பினேன். பெருமாள் அண்ணன் வண்டியில்தான். எங்களுக்கு முன்பே ஒரு அம்மா, தன் இரண்டு வாண்டுகளோடு பின்சீட்டைப் பிடித்திருந்தார். பார்க்கவே அவ்வளவு நிறைவாக இருந்தது.

நான் படியில் கால் வைத்ததும் பெருமாள் அண்ணன் கையை நீட்டி மறித்தார். "பாப்பாவுக்கு நீங்க என்ன வேணும்?"

"என்னண்ணே, என்னையத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்மா. பிள்ள சொல்லட்டும்."

ஜீப்பு மொத்தமும் கயலைத் திரும்பிப் பார்த்தது. அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். யோசித்தாள். சாவகாசமாக யோசித்தாள்.

"எங்கம்மாதான்... ஏறிக்கட்டும் மாமா."

இவ்வளவு சந்தோஷமாக நான் யாருடைய சந்தேகத்துக்கும் ஆளானதில்லை.