வீட்டைப் படமெடுக்க வந்தவள்

வீட்டுப் புரோக்கர்கள் அவளை 'வெளிச்சம்' என்றுதான் கூப்பிடுவார்கள். "நாளைக்கு வெளிச்சத்தை அனுப்புறேன், ஜன்னலைத் திறந்து வைங்க" என்பார்கள். கல்யாண ஸ்டுடியோவில் உட்கார்ந்து மணப்பெண்களின் பருவையும் தழும்பையும் கம்ப்யூட்டரில் அழித்துக்கொண்டிருந்தவள். ஸ்டுடியோவை மூடிய பிறகு, விற்பனைக்கும் வாடகைக்கும் வரும் வீடுகளைப் படமெடுக்கக் கிளம்பிவிட்டாள். வேனில் வந்து இறங்கும் பெரிய கம்பெனிக்காரர்களின் ரேட் சாதாரண வீட்டுக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது. இவள் ஒரு கேமரா, ஒரு முக்காலி, வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை, அவ்வளவோடு பஸ்ஸில் வந்துவிடுவாள். கூலியும் அதற்கேற்றாற்போல்தான்.

"வீடென்ன கல்யாணப் பொண்ணா, இத்தனை அலங்காரம் பண்றீங்க?" என்று யாராவது கேட்டால், "பொண்ணாவது சிரிச்சுச் சமாளிச்சிடும். வீட்டுக்கு அது தெரியாதே" என்பாள்.

அந்த முறை கூப்பிட்டவள் ஒரு டீச்சர். போனிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"பகல்லயே வந்துடுங்கக்கா. அவர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடணும்."

போனதும்தான் விஷயம் தெரிந்தது. அது டீச்சரின் அப்பா அவள் பேரில் எழுதிவைத்த வீடு. மகளை ஏற்கெனவே தங்கை வீட்டில் விட்டிருந்தாள். வீட்டை விற்றுவிட்டு மகளோடு வேறு ஊருக்குப் போய்விட வேண்டும். புருஷனுக்கு எதுவும் தெரியாது.

கூடத்தைப் படமெடுத்து முடித்து, வெளிச்சம் படுக்கையறைக் கதவில் தொங்கிய காலண்டரைக் கழற்றினாள். கதவில் ஒரு ஓட்டை. முஷ்டி அளவுக்கு இருந்தது. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். வெளிச்சம் காலண்டரைத் திரும்ப மாட்டிவிட்டு, கதவு தெரியாதபடி முக்காலியை நகர்த்தினாள்.

அப்போதுதான் வாசலில் பைக் வந்து நின்றது.

உள்ளே வந்தவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாரு இது?"

"பெயின்ட் கம்பெனிலேருந்து வரேன் சார். சுவரைப் பாத்து ரேட் சொல்லணும்" என்று வெளிச்சம் முந்திக்கொண்டாள்.

அவன் கேமராவைப் பிடுங்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். சோபாமேல் வரிசையாக வைத்த மெத்தைகள், துடைத்த மேஜை, ஜன்னலோரத்துச் செடி.

"சோபாவுக்கும் பெயின்ட் அடிப்பீங்களோ?"

கேமராவின் வாரை அவன் கையில் சுற்றிக்கொண்ட விதத்திலேயே அதை எங்கே அடிக்கப்போகிறான் என்று வெளிச்சத்துக்குத் தெரிந்தது. அவள் குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்த ஒரு கேமராதான்.

"அதை அவங்ககிட்ட குடுங்க. நான்தான் வரச்சொன்னேன்" என்றாள் டீச்சர். "வீட்டை விக்கப்போறேன்."

"என்ன சொன்ன?"

"விக்கப்போறேன்னு சொன்னேன். இது என் வீடு."

குரல் நடுங்கியது. ஆனால் தாழவில்லை. அவன் ஒரு அடி முன்னால் வைத்தான். வெளிச்சம் சட்டென்று போய் வாசற்கதவை அகலத் திறந்துவிட்டாள். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் அப்படியே நின்று உள்ளே பார்த்தாள். அந்த அம்மாளின் வீட்டுக்காரரும் எழுந்து வந்தார். வெளியே எப்போதும் சிரித்த முகமாகத் திரிகிறவன் டீச்சரின் புருஷன். கேமராவை மேஜைமேல் டொக்கென்று வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனான்.

"பையை எடுங்க டீச்சர். என்கூட வாங்க" என்றாள் வெளிச்சம். பிறகு, "இருங்க, அடுக்களை பாக்கி இருக்கு" என்றாள்.

வீடு லேசில் விற்கவில்லை. பார்க்க வந்தவர்களையெல்லாம் அவன் வாசலிலேயே விரட்டினான். வக்கீலும் கோர்ட்டுமாக இழுத்தடித்த பிறகுதான் அவன் வெளியேறினான். ஒருநாள் டீச்சர் போன் செய்தாள்.

"முடிஞ்சதுக்கா. வாங்கினவங்க அந்த ஜன்னலோரப் படத்தைப் பாத்துட்டுத்தான் வந்தாங்களாம்."

இப்போதெல்லாம் வேலையை ஒப்புக்கொள்ளுமுன் வெளிச்சம் ஒன்று கேட்கிறாள்: "வீட்ல எல்லாருக்கும் தெரியுமா?" தெரியாது என்பவர்கள் வீட்டுக்கும் போகத்தான் செய்கிறாள். தனியாக அல்ல. கூடவே நாத்தனாரும் போகிறாள். அவள் வாயைத் திறந்தால் தெருவே கூடிவிடும்.