இரண்டு கொடி ஜீப்

பச்சை ஏலக்காய் மணந்தால் அந்தக் கூடலூர் ஜீப்காரர் நினைவில் வந்து ஹாரன் அடிக்கிறார். தென் அமெரிக்கக் கால்பந்துக் கோப்பை நடந்த சமயம். எங்களூர்ப் பெண்களைக் கேரளத் தோட்டங்களுக்கு வேலைக்கு ஏற்றிப்போவார். கீழ்த் தோட்டத்து சூப்பர்வைசர் அர்ஜென்டினா வெறியர். மேல்தோட்டத்து சூப்பர்வைசர் பிரேசில் பக்தர். யார் முகம் சுளித்தாலும் ஜீப்காரருக்குச் சவாரி போய்விடும். ஆகவே, நானும் ஏறிப்போன அன்று, மலைப்பாதையின் நடுவளைவில் ஜீப்பை நிறுத்தி, அர்ஜென்டினாவின் நீலக்கொடியை அவிழ்த்து பிரேசிலின் மஞ்சளைக் கட்டினார்.

“மாமா, பிள்ளைக்குச் சட்டை மாத்துற மாதிரியில்ல மாத்துறீக!” பெண்கள் சிரித்தார்கள்.

“உண்மையில் நீங்க எந்தக் கட்சி?” என்றேன்.

“டீசல் கட்சிண்ணே.”

“நாளைக்கு ரெண்டு டீமும் மோதுதே?”

மேல்தோட்டத்து விருந்தாளியான என்னை வாசலில் இறக்கிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்:

“நாளைக்கு ரெண்டு சூப்பர்வைசர்ல யாரு கேட்டாகன்னாலும், ஜீப்பு ஒர்க்‌ஷாப்புல கெடக்குன்னு சொல்லிருங்கண்ணே.”