பம் போகும் பஸ்

கெர்மான் பஸ் நிலையத்தில் நவ்ரூஸ் அலிக்கு வேலையே ஓர் ஊரின் பெயரைக் கத்துவதுதான். "பம்! பம்! பம்! ஏறுங்க, கிளம்பிட்டோம்!" என்பான். கிளம்பவா போகிறது? கடைசி சீட்டு நிறையாமல் எந்த டிரைவரும் சாவியைத் தொடமாட்டான். இப்படித் தொண்டையை விற்றுத்தான் தாயில்லாத மகள் சொஹைலாவை வளர்த்தான். அந்த பம் ஊரிலேயே கட்டியும் கொடுத்தான்.

ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று டீக்கடையில் ஓயாத வம்பு. பஹ்மன் ராஜா கட்டியது, அவர் பெயர்தான் தேய்ந்து பம் ஆயிற்று என்பார் ஒருவர். ராட்சதப் புழு ஒன்று வெடித்த சத்தம் என்பார் இன்னொருவர்.

"எவன் வெச்சா என்னய்யா? கத்துறவனுக்குன்னே வெச்ச பேரு. ஸாஹெதான்னு கத்துறவனைப் பாரு, மத்தியானத்துக்குள்ள நாக்கு தள்ளிடுது" என்பான் நவ்ரூஸ்.

ஒரு குளிர்கால வியாழக்கிழமை, பம் பஸ்ஸில் ஒரே ஒரு சீட்டு காலி. அப்பாவைப் பார்க்க வந்திருந்த சொஹைலா, "இன்னும் ரெண்டு நாள் இருக்கேம்ப்பா" என்றாள். டிரைவர் ஸமத் ஹாரனை அடித்தான்.

"புருஷன் பட்டினி கெடப்பான், ஏறுடி கழுதை" என்று சிரித்துக்கொண்டே மகளை அந்தச் சீட்டில் உட்கார வைத்தான் நவ்ரூஸ்.

மறுநாள் விடிவதற்குள் பூமி குலுங்கியது. பம்மின் மண் வீடுகள் தூங்கியவர்கள் மேலேயே சரிந்தன. நவ்ரூஸ் ஓடிப்போய் மகளைத் தன் கையாலேயே தோண்டி எடுத்து, அங்கேயே அடக்கம் செய்தான்.

நாற்பதாம் நாள் காரியம் முடிந்து வேலைக்கு வந்தான். பக்கத்து பஸ்ஸுக்காக ஸாஹெதான் என்று கத்தினான். ஸீர்ஜான் என்றும் கத்தினான். பம் மட்டும் வரவில்லை. பாவி மனிதன், வேறு எந்த வார்த்தையை அவன் அத்தனை தடவை சொல்லியிருப்பான்!

ஸமத்தின் பஸ் மூன்று பேரோடு நின்றது. அவனும் பம்காரன்தான், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன்.

"அண்ணே, நீ கத்தலேன்னா அங்க ஊரே இல்லேன்னு நெனைக்கிறாங்க. கூடாரத்துல கெடக்குறதுங்களுக்குச் சொந்தபந்தம் வந்து சேர வேணாமா?"

"எந்த வாயால சொல்றது? இதே வாயாலதானேடா அவளை ஏத்தி விட்டேன்."

ஸமத் பஸ் பக்கம் திரும்பினான். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தான்.

கறுப்புப் போர்வையில் ஒரு பெண் மூட்டையோடு வந்து தயங்கி நின்றாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது, அண்ணே. இது எங்க போகுது? யாரும் கூப்பிடக் காணோமே."

நவ்ரூஸ் தலையைக் குனிந்துகொண்டான். மூட்டையை வாங்கிக்கொண்டான்.

"பம்" என்றான். அது கத்தலாக இல்லை.

"அங்க இன்னும் ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா. எம் பொண்ணு அங்கதான் இருக்கா."