கிளம்பாத வண்டிக்குச் சகுனம் கிடையாது

தங்கமாரி அக்கா போய்விட்டார் என்ற செய்தி நம் பட்டாசுக் கம்பெனியின் பேக்கிங் அறைக்கு வந்தபோது, சீசன் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். கையிலிருந்த பெட்டியை வைத்துவிட்டு அழுதேன். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. அக்காவை நினைத்தால் என் கல்யாணம் நினைவுக்கு வராமல் இருக்காது.

எம். புதுப்பட்டியிலிருந்து நம்மை ஏற்றிவரும் கம்பெனி வேனை ஓட்டியவர் அவர். அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. "நான் தொட்டுக் கிளம்பாத வண்டி இந்த மாவட்டத்துலயே கிடையாதுட்டி" என்பார். வேன் மக்கர் செய்தால் போதும், கூட்டம் சேர்த்துக்கொண்டு சத்தமாகச் சொல்லுவார்: "எண்ணெய், சாவி, பேட்டரி, செல்ஃப் மோட்டார். பெரும்பாலும் இந்த நாலுல ஒண்ணுதான்." அந்த வேனில் வந்த உங்களுக்கும் இது மனப்பாடமாக இருக்கும்.

என் கல்யாணத்தன்று காலையில், மண்டபத்துக்கு என்னை அழைத்துப் போக மாப்பிள்ளை வீட்டார் அலங்கரித்த காரோடு வந்தார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் சாவியைத் திருப்பினார். டிக் டிக் என்றதோடு சரி. மாப்பிள்ளையின் பெரியம்மா உடனே ஆரம்பித்துவிட்டார். "பொண்ணு கால் வச்சதும் வண்டி நிக்குது. சகுனம் சரியில்ல. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கிடலாம்." என் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒருமுறை நின்ற கல்யாணம் எங்கள் தெருவில் மறுபடி நடந்ததே இல்லை.

பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா பெரியம்மாவிடம் வந்தார். "மயினி, வண்டிக்குச் சகுனம் தெரியாது. கொஞ்சம் பொறுங்க." பெட்ரோல் முள்ளைப் பார்த்தார், நிறைய இருந்தது. சாவியும் சரியாகத்தான் திரும்பியது. ஹாரனை அமுக்கினார். அது ஆட்டுக்குட்டி மாதிரி முனகியது. முன்மூடியைத் தூக்கியதும் விஷயம் வெளியே வந்தது. மாப்பிள்ளையின் தோழர்கள் ஆசைப்பட்டுக் காரைச் சுற்றிச் சீரியல் பல்பு கட்டி, பேட்டரியிலிருந்து வயர் இழுத்து விடிய விடிய எரியவிட்டிருக்கிறார்கள்.

"பேட்டரியக் காலி பண்ணுனது உங்க பயலுவ. பழி மட்டும் பொண்ணு மேலயா?" என்று அக்கா கேட்டதும் தெருவே சிரித்தது. பெரியம்மா சிரிக்கவில்லை.

பக்கத்துக் காரிலிருந்து சார்ஜ் கொடுக்க ஒருவர் வயரோடு ஓடிவந்தார். அக்கா போட்ட சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டார். "ஏலே, நில்லு! டிக்கியில சரவெடி இருக்கு. ஒரு பொறி பறந்தா அம்புட்டுத்தான்." வெடி இல்லாமல் நம் பக்கத்தில் கல்யாணம் ஏது? பெட்டிகளை இறக்கித் தள்ளி வைக்கச் சொன்னார். ஆனாலும் அந்த நெருக்கடியான தெருவில் வயரே வேண்டாம் என்றார். "தள்ளுங்க. ஏட்டி, நீயும் இறங்கு. உன் கல்யாணந்தானே? மயினி, நீங்களும் ஒரு கை குடுங்க."

மாலையும் கழுத்துமாக நான் தள்ளினேன். பக்கத்தில் பெரியம்மா. அக்கா உள்ளே உட்கார்ந்து இரண்டாவது கியரைப் போட்டு, வேகம் பிடித்ததும் கிளட்ச்சை விட்டார். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. தெரு முழுக்க விசில். முகூர்த்தத்துக்கு முன்பே மண்டபத்தில் இருந்தோம்.

இன்று அக்காவை மயானத்துக்கு எடுத்துப் போக வந்த வண்டியும் கிளம்பவில்லை. "போக மனசில்ல போலுக்கு" என்று யாரோ விம்மினார்கள். டிரைவர் ஹாரனை அமுக்கினார். அதே ஆட்டுக்குட்டி. காலையிலிருந்து அந்த வண்டியில்தான் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "மனசுமில்ல, சகுனமுமில்ல, பேட்டரிதான்! முதல்ல வேட்டுப் பெட்டிய இறக்குங்க" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

நம் பேக்கிங் பெண்கள் எல்லோரும் வண்டியின் பின்னால் கை வைத்தோம். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவதுதான் ஊர் வழக்கம். முனை வந்தது. வண்டி இன்னும் கிளம்பவில்லை, நாங்களும் நிற்கவில்லை. அதைத் தாண்டித் தள்ளிக்கொண்டே போனபோதுதான் இன்ஜின் உறுமியது. பின்னால் நம் கையால் கட்டிய சரவெடி வெடித்தது. அழுதுகொண்டே கைதட்டினோம்.

எது நின்றாலும் யார் ராசி என்று தேடாமல், மூடியைத் திறந்து பார்க்கும் புத்தியை அக்காவிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டேன். அக்கா, உங்கள் பேச்சு பொய்க்கவில்லை. நீங்கள் கடைசியாக ஏறிய வண்டியும் கிளம்பிவிட்டது.