குதிகாலுக்குக் கீழே ஒரு தலையணை

ஜோனாஸ் ராபரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். வலது பக்கம், முதுகு, இடது பக்கம், மறுபடி வலது. பக்கவாதம் வந்து படுத்து ஐந்து வருடம் ஆகிறது. நாற்பது வருடம் குதிரைச் சேணம் தைத்த மனிதர், நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு. ஐந்து வருடத்தில் ஒரு படுக்கைப்புண் கிடையாது. அது அவருடைய மகள் சலோமாவின் வேலை.

சலோமாவுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. தம்பி மெல்வினின் பண்ணை வீட்டை ஒட்டிக் கட்டிய சின்ன வீட்டில் அப்பாவும் அவளுமாக இருந்தார்கள். ஹோம்ஸ் கவுண்டியில், மோட்டார் காரை ஒதுக்கிவிட்டு இன்னும் குதிரை வண்டியிலேயே போகிற அந்தச் சபை ஜனங்கள், அதைத் தாத்தா வீடு என்பார்கள். கடைசி மகன் பண்ணையை ஏற்றதும் பெற்றவர்கள் அங்கே நகர்ந்துவிடுவார்கள். கல்யாணமாகாத மகள் இருந்தால் சாமான்களோடு சாமானாக அவளும் நகர்வாள்.

மார்ச் மாதம் ஒரு நாள் காலை அப்பாவை இடது பக்கம் புரட்டும்போது அவள் முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை, குனியவும் முடியவில்லை. மெதுவாகத் தரையில் படுத்துவிட்டாள். கட்டிலின் விளிம்புக்கு மேலே அப்பாவின் மூக்கு மட்டும் தெரிந்தது.

"கீழ என்ன தேடற?" என்றார். பாதி வாய்தான் அவருக்குப் பேசும்.

"என் முதுகை."

"கெடச்சதும் சொல்லு. எனக்குத் தோள் வலிக்குது."

அடுத்த வாரமே அவள் அண்ணன் ரூபன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். ரூபன் சபையின் டீக்கன், அதன் ஒழுங்கைக் கவனிக்கிற ஊழியர். அறுபது வயது, வெள்ளைத் தாடி, எதையும் இரண்டு தடவை சொல்லாத மனிதர். மெல்வினின் மூத்த மகள் ரோசன்னா இனி சின்ன வீட்டில் இருந்து வேலை பழகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒத்தாசைக்குத்தான் என்றார். ஆனால் சலோமாவும் ஒத்தாசைக்கு என்றுதான் ஆரம்பித்தாள், பதினைந்தாவது வயதில்.

அப்போது படுத்திருந்தது அவளுடைய தாத்தா. அவருக்கு நான்கு வருடம். பிறகு லிடியா பெரியம்மா, ஏழு வருடம். பிறகு அம்மா, ஒன்பது. நடுவில் கால் முறிந்த சித்தப்பா, பிரசவித்த அண்ணிகள். இப்போது அப்பா. ஞாயிறு சாயங்காலம் பாட்டுக் கூட்டம் முடிந்து அவளை வண்டியில் வீட்டுக்குக் கூட்டிவந்த ஒரு பையன் இருந்தான். லிடியா பெரியம்மாவை விட்டு வெளியே வர முடியாத குளிர்காலத்தில் அவன் வேறொருத்தியைக் கூட்டிப்போக ஆரம்பித்தான். நல்லவன்தான். இப்போது ஒன்பது பிள்ளைகள், தச்சுப்பட்டறை, மூட்டுவலி.

பதினைந்து வயதில், குடும்பம் உட்கார்ந்து கேட்டபோது, சலோமா தெளிவாகத்தான் சொன்னாள்: "எனக்கு இது வராது." நிஜமாகவே சொன்னாள். பயமாக இருந்தது, வேறு யாரையாவது பாருங்கள் என்ற அர்த்தத்தில் சொன்னாள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். பெருமை இல்லாத பெண். இப்படிப்பட்ட கைதான் நோயாளிக்கு வேண்டும். அத்தோடு முடிந்தது.

அந்த ஜனங்களிடம் அதுதான் சங்கடம். எனக்கு நன்றாக வரும் என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். உத்தரம் ஒன்றையும் வழுக்கவிடாமல் ஒரே நாளில் களஞ்சியம் எழுப்புகிற தச்சன்கூட, ஏதோ கைக்கு வந்தது என்பான். நல்ல சமையல்காரி, ரொட்டி கொஞ்சம் காய்ந்துவிட்டது என்றுதான் பரிமாறுவாள். அதனால் நிஜமாகவே வராதவள் வராது என்று சொன்னாலும் அது காதில் ஏறாது. பணிவு என்று எடுத்துக்கொண்டு வேலையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பாராட்டும் கிடையாது. ஒரு வேலையை ஒழுங்காக முடித்தால் அடுத்த வேலை வரும். அதுதான் பாராட்டு.

ரோசன்னாவுக்குப் பதினாறு. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நீளமான கை, எலும்பும் தோலுமான உடம்பு, வாய் மட்டும் ஓயாது. முதல் நாள் திங்கட்கிழமை, துவைக்கும் நாள். வந்ததுமே கட்டிலுக்குப் பக்கத்தில் போனாள்.

"நில்லு. முதல்ல உன் மேலங்கில இருக்கற குண்டூசியெல்லாம் எடு," என்றாள் சலோமா. அங்கே பெண்களின் உடுப்புக்குப் பொத்தான் கிடையாது, குண்டூசிதான்.

"எல்லாத்தையுமா? உடுப்பு கழண்டுராதா அத்தை?"

"நெஞ்சுக்கு நேரா இருக்கறத இடுப்புக்கு மாத்திக் குத்து. முனை உள்பக்கம் போகணும். அவர் தோல் ஈரக் காகிதம் மாதிரி. உரசினாப் போதும், கிழியும்."

"நான் என்ன கன்னுக்குட்டியா?" என்றார் ஜோனாஸ். "என் முன்னாடியே பேசறாளுங்க."

"கன்னுக்குட்டின்னா நானே தூக்கிருவேன் தாத்தா. நீங்க வண்டிக்குதிரை."

அவர் வாயின் நல்ல பாதி சிரித்தது. சலோமா பாதியாக மடித்த விரிப்பை அவருக்குக் கீழே செலுத்திக் காட்டினாள். ஆளை இழுக்கக் கூடாது, விரிப்பை இழுக்க வேண்டும். முழங்காலை மடித்துவிட்டால் பாதி பாரம் தானே வரும். மூன்று எண்ணிவிட்டு இழுக்க வேண்டும், எண்ணாமல் இழுத்தால் அவர் பயந்து விறைத்துக்கொள்வார். தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. வெளுக்கவே இல்லை என்றால் உள்ளே புண் ஆரம்பித்துவிட்டது.

புதன்கிழமைக்குள் பெண்ணுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. சூப்பைக் கெட்டியாகக் கரைத்து, தாடையைக் கீழே குனியவைத்து ஊட்டினாள். ஒரு தடவைகூடப் புரையேறவில்லை. சலோமா அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். பதினைந்து வயதில் தான் நின்ற இடம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அன்று மதியம் நூடுல்ஸுக்கு மாவு வெட்டும்போது ரோசன்னா கத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மில் ஓடை பள்ளிக்கூடத்துல டீச்சரா வரச் சொல்லிக் கேட்டிருக்காங்க அத்தை. இலையுதிர் காலத்துலேர்ந்து. இருபத்தெட்டு பிள்ளைங்க, எட்டு வகுப்பு, ஒரே ரூம்."

"உனக்கு இஷ்டமா?"

"எனக்குச் சோறு தண்ணி இறங்கல, அவ்வளவு இஷ்டம். அப்பா கிட்ட சொன்னேன். பெரியப்பாவைக் கேக்கணும்னாங்க. பெரியப்பா, தாத்தா வேலையை முதல்ல பாருன்னாங்க." நிறுத்திவிட்டு, "தாத்தா போனப்புறம் போலாம்னாங்க," என்றாள்.

"அவர் போனா அடுத்து நான் படுப்பேன். என்னைப் பாக்கணும்," என்றாள் சலோமா.

ரோசன்னா சிரித்தாள். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

பெண் வேலைக்கு லாயக்கில்லை என்று ஆகிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று சலோமாவுக்குத் தோன்றியது. அதனால் மறுநாள் ஒரு காரியம் செய்தாள். குதிகாலைப் பற்றி அதுவரை ஒன்றும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, அதைத் தானே கவனித்துக்கொண்டாள். இனியும் சொல்லாமல் இருந்துவிட முடிவு செய்தாள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தொங்கவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் தவறுவது அங்கேதான். ஒரு நாள் விட்டால் சிவக்கும். ரூபன் வந்து பார்க்கும்போது அது அவர் கண்ணில் படும்.

காலையில் அப்பாவைப் பெண்ணின் பொறுப்பில் விட்டுவிட்டு சலோமா கோழிக்கூண்டைச் சுத்தம் செய்யப் போனாள். ஒரு மணி நேரம்கூட அங்கே இருக்க முடியவில்லை. வெளுக்காத சிவப்பு கண்ணுக்கு முன்னால் நின்றது. அவருடைய தோல் யாருடைய திட்டத்துக்கும் பொறுப்பில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

ரோசன்னா கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டிருந்தாள்.

"அத்தை, இடது குதிகால் லேசா சிவந்திருக்கு. அழுத்தினா வெளுக்குது. கீழ தலைகாணி குடுத்துக் காலைத் தூக்கிவிட்டுட்டேன், குதிகால் அந்தரத்துல நிக்கற மாதிரி. சரிதானே?"

"யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. மெத்தையில எது அழுத்துதோ அதத் தூக்கிட்டா சரியாப் போயிரும்னு தோணிச்சு."

சலோமா கைகழுவப் போனாள். தண்ணீர் ஊற்றிய பிறகும் வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தாள். சொல்லிக்கொடுத்தால் வருவது ஒன்று, தானாக வருவது ஒன்று. இவளை விடவே மாட்டார்கள்.

அன்று பிற்பகல் ரூபனும் மெல்வினும் வந்தார்கள். மெல்வின் பால் கறக்கப் போகிற அவசரத்தில் நின்றுகொண்டே இருந்தான். ரூபன் கட்டிலுக்குப் போய் அப்பாவின் முதுகையும் காலையும் பார்த்துவிட்டு, சமையலறை மேசைக்கு வந்து தொப்பியைக் கழற்றி வைத்தார்.

"என்ன ரோசன்னா, வேலை வருதா?"

ரோசன்னா அத்தையைப் பார்த்தாள். பிறகு நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு வராது பெரியப்பா. என்னால முடியாது. இதுல எனக்கு மனசே இல்ல."

ரூபன் தாடியைத் தடவினார். அவர் முகம் மலர்ந்தது. மெல்வின்கூட அண்ணனைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தான், பெற்றவனுடைய சிரிப்பு. சலோமா முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே முகங்கள்தான், தாடி மட்டும் வேறு ஆட்களுடையது.

"தெரியும்மா," என்றார் ரூபன். "எனக்கு வரும்னு சொல்றவளைத்தான் நம்பக் கூடாது. உங்க அத்தையும் இதே வார்த்தைதான் சொன்னா. நீ இங்கயே..."

"அவ நிஜத்தைச் சொல்றா அண்ணா," என்றாள் சலோமா.

"என்ன நிஜம்?"

"அவளுக்கு மனசு இல்ல. அதுவும் போக, எனக்கு அவ வேண்டாம். இந்த வேலையை என்னை மாதிரி செய்ய இந்தச் சபையில ஆள் கிடையாது."

மெல்வின் கதவு நிலையில் சாய்ந்திருந்த தோளை எடுத்தான்.

"என்ன பேச்சு இது சலோமா?" என்றார் ரூபன்.

"உள்ளதைத்தான் சொல்றேன். அஞ்சு வருஷம், ஒரு புண் உண்டா? டவுன் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து பாத்துட்டு என்னைக் கேட்டு எழுதிக்கிட்டுப் போனா. அம்மாவுக்கு உண்டா? லிடியா பெரியம்மாவுக்கு? உங்க வீட்டு ஆறு பிள்ளைங்க பொறந்தப்ப யார் கை? இது எனக்குத் தானா வரும். எனக்குத் தெரியும். அரைகுறை கையை எனக்குக் கீழ வச்சுக்கறதுல எனக்கு இஷ்டம் இல்ல."

சொல்லும்போது அவளுக்குக் காது சூடேறியது. இத்தனை வருடத்தில் ஒருவரும் சொல்லாததைத் தானே சொல்லிக்கொள்வது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

ரூபன் தொப்பியை எடுத்தார்.

"மெல்வின், பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"அண்ணா, அக்கா முதுகு..."

"அக்காவுக்குத்தான் யாரும் வேண்டாமாமே. நம்ம பிள்ளைங்க கையால வேலை மட்டுமா கத்துக்குதுங்க? பக்கத்துல நிக்கறவ மனசையும் சேத்துத்தான் கத்துக்குதுங்க. இந்தப் பெருமை அந்தப் பொண்ணுக்கு ஒட்டக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கே போகட்டும்." பிறகு சலோமாவைப் பார்த்தார். கோபம் இல்லை, வருத்தம்தான். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "நீ இதைத் தப்புன்னு சபையில சொல்லணும்."

"சொல்றேன்."

ரோசன்னா ஏதோ பேச வாயெடுத்தாள். சலோமா அடுப்பைப் பார்த்தபடி, "உன் குண்டூசியெல்லாம் எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டாள்.

அடுத்த ஆராதனை ஞாயிறு, வீட்டுக்கு வீடு மாறிக் கூடுகிற சபை மெல்வினின் சொந்தக் களஞ்சியத்திலேயே கூடியது. மூன்று மணி நேரப் பிரசங்கம் முடிந்ததும் பிள்ளைகளையும் ஞானஸ்நானம் பெறாதவர்களையும் வெளியே அனுப்பினார்கள். ரோசன்னா இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை. மற்றப் பெண்களோடு எழுந்து போனாள். கதவருகே ஒரு தடவை திரும்பினாள்.

சலோமா பெஞ்சில் உட்கார்ந்து குனிந்து முகத்தைக் கைகளில் வைத்துக்கொண்டாள். தன்னைப் பற்றிப் பெருமை பேசினேன், தவறிவிட்டேன், கடவுளும் சபையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். பொய் இல்லை. ருசித்துப் பேசியது நிஜம், அதைத்தான் ஒத்துக்கொண்டாள். எதற்காகப் பேசினாள் என்று யாரும் கேட்கவில்லை. குனிந்த நிலையிலிருந்து நிமிர முடியாமல் முதுகு பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த பெண்கள் அவள் இன்னும் மனம் வருந்துகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தார்கள்.

சாப்பாட்டின்போது யாரும் ஒன்றும் நடக்காத மாதிரி ரொட்டியையும் வேர்க்கடலை வெண்ணெயையும் நகர்த்தினார்கள். மன்னித்துவிட்டால் பேச்செடுக்கக் கூடாது, அது வழக்கம். ஒத்தாசை வேண்டுமா என்றும் யாரும் கேட்கவில்லை. தன்னைப் போல ஆள் இல்லை என்றவள், அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்தால்தான் மனம் அடங்கும் என்று ரூபன் சொல்லியிருந்தார். அதுவும் அன்பாகத்தான் சொன்னார். இனி முதுகு வலிக்கிறது என்று அவள் வாய் திறக்க முடியாது.

கிணற்றடியில் ரோசன்னா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சலோமா தன் கோப்பையைக் கொண்டுபோய் வைத்தாள்.

"இடது குதிகால் எப்படி இருக்கு அத்தை?"

"சரியாப் போச்சு."

"தலைகாணி..."

"வச்சிருக்கேன். நீ பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாரு. ஏழாம் வாய்ப்பாடு உனக்கு எப்பவும் தகராறு."

ரோசன்னா ஈரக் கையோடு நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. சலோமா அதைக் கவனிக்காமல் திரும்பி நடந்தாள். இரண்டு மணி ஆகப்போகிறது. காவலுக்கு இருந்த மெல்வினின் மனைவி வந்தவர்களைக் கவனிக்கப் போக வேண்டும்.

சின்ன வீட்டில் அப்பா விழித்திருந்தார். களஞ்சியத்துப் பேச்சு எப்படியோ அவர் கட்டிலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"சபையிலயே நீதான் ஒசத்தியாமே."

"ஆமா. மன்னிச்சிட்டாங்க."

"பின்ன ஏன் கை இப்படி ஜில்லுன்னு இருக்கு? அந்தச் சின்னப் பொண்ணு கையைச் சூடு பண்ணிட்டுத்தான் தொடுவா."

சலோமா கையைக் கணப்புக்கு மேலே காட்டினாள். பிறகு மேலங்கியின் குண்டூசிகளை இடுப்புக்கு மாற்றிக் குத்திக்கொண்டாள். அவருடைய முழங்காலை மடித்தாள். விரிப்பின் ஓரத்தை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டாள்.

"அவ எப்ப வருவா?" என்றார் ஜோனாஸ்.

"வர மாட்டா. மூணு எண்ணப்போறேன்."

மூன்று எண்ணினாள். இழுத்தாள். இடுப்புக்கு மேலே அந்த இடத்தில் வலி கத்தி மாதிரி பாய்ந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள், அவர் வலது பக்கம் வந்துவிட்டார். குதிகால் மெத்தையில் படாமல் தலையணையைச் சரி செய்தாள். அழுத்திப் பார்த்தாள். வெளுத்தது.

நான்கு மணிக்கு முதுகு.