கோட்டையூர் வீட்டுக்குள் மழை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தத்தை வச்சுப் பிழைக்கிறவன்தான், ஆனா சத்தம் போட்டுப் பேச வராது. கம்ப்யூட்டர்ல மழை செஞ்சு, நாலு சுவரிலயும் படமாக் காட்டி, சுத்தி ஸ்பீக்கர் வச்சு, உள்ளே வர்றவங்களை நனையிறதா நம்ப வைக்கிற தொழில் எங்களுக்கு. செய்யிறது நிஷா, ரெண்டு பிள்ளைக்குத் தாய். நான் அஞ்சாங்கிளாஸ், முப்பது வருசம் மைக் செட் கட்டினவன். ஒயர் இழுக்கிறதும், காதுக்குப் பட்டதைச் சொல்றதும் என் பங்கு.

ஷார்ஜாவில் அவள் பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டு, சனிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தது. போனால் பிள்ளைகளை விட்டுட்டுப் போகணும். இங்கேயே இருக்க, கோட்டையூரில் இந்த ஒரு வேலை கைகூடணும். பழைய பெரிய வீட்டை விடுதியாக்கி, அதில் ஒரு மழை அறை கேட்டிருந்தார் வீட்டுக்காரர். கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டுற உங்களுக்கு மிச்சத்தைச் சொல்லவா வேணும்?

மோர் மிளகாய்

முதல் நாள் மழையை ஓட விட்டோம். ரெண்டு கட்டு தள்ளி அடுப்படியில் இருந்த வீட்டுச் சமையக்காரம்மா செல்லம்மா, கரண்டியைப் போட்டுட்டு மொட்டை மாடிக்கு ஓடுச்சு. ஓடின வேகத்தில் வெயிலைக்கூடப் பார்க்கலை. காயப்போட்டிருந்த மூணு தட்டு மோர் மிளகாயோட இறங்கி வந்த பிறகுதான் விசயம் புரிஞ்சுச்சு.

"ஏம்மா நிஷா, தூக்கிட்டு வந்தது நான். மறுபடி மேல கொண்டுபோய் வைக்கிறது யாரு, உன் கம்ப்யூட்டரா?"

ஆணி

அடுப்படிக்கு மழையாக் கேட்டது, அறைக்குள்ளே வேற மாதிரி இருந்துச்சு. முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் தேய்ச்ச சுவர், முகம் பார்க்கலாம். சத்தம் அதில் பட்டுப் பட்டுத் திரும்புச்சு. வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கிட்டு, "மழையா, லாரியில ஜல்லி கொட்டுதா?"ன்னார். சுவரில் பஞ்சுப் பலகை அடிச்சா அடங்கும்னு நிஷா சொல்லிப் பார்த்தா.

"எங்க அப்பச்சி, என்னைப் பெத்தவரு, கூடவே நின்னு பூச வச்ச சுவரு. ஆணி அடிக்கணும்னா முதல்ல என் தலையில அடிங்க. வெள்ளிக்கிழமை வாரேன், சரியில்லைன்னா எல்லாத்தையும் கழட்டிக்கிட்டுப் போங்க."

பாதி மழை

சத்தத்தைக் குறைச்சா ஒண்ணுமே கேட்கலை, கூட்டினா ஜல்லி. வியாழக்கிழமை எனக்கே அலுத்துப்போச்சு. "நீ ஒரு சொட்டுப் போட்டா சுவர் மூணு சொட்டுப் போடுது தாயி"ன்னேன்.

நிஷா கீபோர்டிலிருந்து கையை எடுத்துட்டு என்னைப் பார்த்தா. "அப்ப நான் எதுக்குண்ணே இம்புட்டு மழை செய்யிறேன்?"

பன்னிரண்டு ஸ்பீக்கரில் எட்டைக் கழட்டினோம். மிச்ச நாலையும் சுவரைப் பார்த்துத் திருப்பினா. மழையில் பாதிச் சொட்டை அழிச்சா, மீதியைச் சுவர் பெய்யட்டும்னு. படத்தையும் ஒரு சுவரில் மட்டும் விட்டா. மினுங்குற எதிர்ச்சுவர் அதை வாங்கி மங்கலாக் காட்டுச்சு.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் நடு அறையில் நின்னார். ஓட்டில் விழுகிற தண்ணிச் சத்தம் மேற்கே ஆரம்பிச்சு நாலு பக்கமும் சுத்தி வந்துச்சு. நிஷா அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையையே பார்த்துக்கிட்டு நின்னா. அவர் வேட்டியைக் கரண்டைக்காலுக்கு மேல தூக்கிப் பிடிச்சு, ஓரமாவே நடந்து வாசலுக்கு வந்தார். அப்புறம்தான் கால் காஞ்சிருக்கிறதைப் பார்த்து வேட்டியை விட்டார்.

"நெற்குப்பையில எங்க பங்காளி வீட்டுச் சுவரும் இதே மாதிரிதான். அங்குட்டு எப்ப வாரீக?"

பாதி மழையை அழிச்சுப் பிழைப்பைப் பிடிச்ச நிஷா, அன்னைக்கே ஷார்ஜா கம்பெனிக்கு 'வரலை'ன்னு எழுதி, அதுக்குக் கீழேயே 'உங்க ஆபீசுக்கு மழை வேணுமா?'ன்னும் கேட்டுட்டா.