ஓட்டையின் மேல் உட்கார்ந்தவள்

பென்னாகரத்தில் எங்கள் தெருவுக்குத் தார் போடுகிறார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போக, நான் மட்டும் நின்று மோந்துகொண்டிருக்கிறேன். எனக்கு இது ஒகேனக்கல் வாசனை.

நான் பள்ளியில் படித்த காலம். அன்று வெள்ளம் வடிந்து காவிரியில் பரிசல் விட அனுமதித்த முதல் நாள். அக்கரையில் வாக்கப்பட்ட சித்திக்குக் குழந்தை பிறந்திருந்தது. வெள்ளத்தால் அம்மா இன்னும் பார்க்கவில்லை. பரிசலோட்டியான அப்பா பரிசலின் அடியில் புதுத் தார் பூசி, காயும் முன்பே தலையில் கவிழ்த்துத் தூக்கி வந்தார். பாதித் தார் ஓட்டை வழியே ஒழுகி அவர் முடிக்குப் போய்விட்டது.

நாங்கள் ஏறியதும் பரிசல் ஒழுகியது.

"தார் காயட்டும், நாளைக்குப் போலாம்" என்றார் அப்பா.

"நீங்க வேணா கரையில காயுங்க. நான் எறங்க மாட்டேன்" என்றாள் அம்மா.

அப்பா டப்பாவிலிருந்த தாரை ஓட்டையில் அப்பினார். "பாப்பா, இது மேல அழுத்திக் குந்து. எந்திரிக்காத."

வகுப்பிலேயே குண்டானவள் நான். என் உடம்பால் குடும்பத்துக்கு ஆன முதல் உதவி அதுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

அக்கரையில் அம்மா குதித்திறங்கி, கரையில் காத்திருந்த சித்தியிடமிருந்து அழுதுகொண்டே குழந்தையை வாங்கிக் கொஞ்சினாள். நான் எழப் பார்த்தேன். பாவாடை தாரோடு ஒட்டிக்கொண்டு விடவில்லை.

"வர முடியலன்னா என்னாடி? அவனே உன்னியப் பாக்க வரான்" என்று சித்தி குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் கிடத்தினாள்.

காவிரியையே தடுத்து உட்கார்ந்திருந்தவளை, அவன் ஒரு நொடியில் மேலிருந்து நனைத்துவிட்டான்.